ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது: கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை மட்டும் போதுமா?

கயல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 68. சில வருடங்களுக்கு முன் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் வந்து, கர்ப்பப்பையையும் இரண்டு சூலகங்களையும் எடுத்தார்கள். எண்டோமெட்ரியாய்டு வகை, கிரேடு 1 (செல்கள் இயல்பான செல்லை ஒத்திருக்கும், வேகம் குறைந்த வகை). அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார். இப்போது வழக்கமான ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்ன முடிச்சுகள். ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈ.ஆர்.) 90%, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (பி.ஆர்.) 70% என்று போட்டிருக்கிறது.

கீமோ இப்போதைக்கு வேண்டாம், மெகெஸ்ட்ரால் மாத்திரை தினமும் 160 மி.கி. போடலாம், மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்கிறார். அம்மாவுக்கு இருமலோ மூச்சுத் திணறலோ இல்லை. அவர் வேலையை அவரே செய்துகொள்கிறார்.

என் பயம் இதுதான். நுரையீரல் வரை போன நோய்க்கு வெறும் மாத்திரையா? வயதாகிவிட்டது என்று கைவிடுகிறார்களா? இன்னொன்று: சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது அவருக்கும் ஈ.ஆர். பாசிட்டிவ்தான். டமாக்ஸிஃபென் கொடுத்தார்கள், பிறகு லெட்ரோசோல். அம்மாவுக்கு மட்டும் ஏன் வேறு மருந்து? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணாடி எழுதியது:

கயல், நான் பெத்தாலஜிஸ்ட், திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர். சிகிச்சை பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அந்த எண்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைத் தவறாகப் படிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

90% என்றால் மருந்து 90% வேலை செய்யும் என்று பொருள் இல்லை. ஸ்லைடில் உள்ள புற்றுச் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு செல்களின் உட்கருவில், ஹார்மோன் வந்து அமரும் அந்த ஏற்பிப் புரதம் சாயம் ஏறித் தெரிந்தது, அவ்வளவுதான். சாயம் அழுத்தமாக ஏறியதா, மங்கலாக ஏறியதா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கும். அதையும் பாருங்கள். எவ்வளவுக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பதிலும் கர்ப்பப்பை விஷயத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. சிலர் 1% என்பார்கள், சிலர் 10% என்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டுமே தெளிவாகப் பாசிட்டிவ்.

பி.ஆர். 70% இருப்பதை நான் தனியாகக் கவனிப்பேன். பி.ஆர். புரதத்தைச் செல் தயாரிப்பதே பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் கட்டளையால்தான். ஆகவே பி.ஆர். நிறைய இருந்தால் ஈ.ஆர். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அந்தப் பாதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈ.ஆர். மட்டும் இருந்து பி.ஆர். காணாமல் போயிருந்தால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்காது.

இரண்டு கேள்விகள். இந்த எண்கள் நுரையீரலில் எடுத்த புதிய துணுக்கிலிருந்து வந்தவையா, பழைய ஆபரேஷனில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுவிலிருந்தா? பரவிய இடத்தில் ஏற்பிகள் குறைந்தோ மறைந்தோ போவது உண்டு. அப்புறம், மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்களும் (டி.என்.ஏ. நகலெடுப்பில் வரும் பிழைகளைத் திருத்துபவை) பி53-உம் (புற்று உருவாகாமல் காக்கும் புரதம்) பார்த்தார்களா?

சுடர்மதி எழுதியது:

ஹார்மோன் சிகிச்சையை எல்லோரும் அளவுக்கு மேல் புகழ்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் படித்தவரை நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேருக்குத்தான் கட்டி சுருங்குகிறது. கார்போபிளாட்டின், பேக்லிடாக்ஸெல் கொடுத்தால் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சுருங்குகிறது. நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே வலுவான சிகிச்சையைக் கொடுத்துவிட வேண்டாமா? மூன்று மாதம் மாத்திரை போட்டுக் காத்திருந்து, அதற்குள் நோய் வளர்ந்துவிட்டால்?

அருவி எழுதியது:

பெண்கள் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். சுடர்மதி சொன்ன எண்கள் சரி. ஆனால் அவை எல்லா வகை நோயாளிகளையும் ஒன்றாகப் போட்டு எடுத்த சராசரி. கயலின் அம்மா அந்தச் சராசரியில் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதாமாதம் ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்து, புரோஜெஸ்டிரோனால் அடங்கி முதிரும் திசு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் நீண்ட காலம் தனியாக வேலை செய்து, அதை அடக்க புரோஜெஸ்டிரோன் இல்லாமல் போனால் சவ்வு தடித்துக்கொண்டே போகும். எண்டோமெட்ரியாய்டு வகை பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. உடல் பருமன், கருமுட்டை ஒழுங்காக வெளிவராத பி.சி.ஓ.எஸ்., ஈஸ்ட்ரோஜனை மட்டும் மாத்திரையாக எடுப்பது எல்லாம் இதன் காரணிகள். மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் நிற்பதில்லை. கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற என்ஸைம், அட்ரினல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கே புரோஜெஸ்டிரோன் என்ன செய்கிறது? தன் ஏற்பியில் அமர்ந்து, செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் அளவையே குறைக்கிறது. வீரியமான எஸ்ட்ராடயாலை வலுக்குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றும் என்ஸைமைத் தூண்டுகிறது. செல்லைப் பெருகுவதிலிருந்து முதிர்வுக்குத் திருப்புகிறது. மெகெஸ்ட்ரால், மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் இரண்டும் இந்த வேலையைச் செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டின்கள்.

இது ஏதோ கடைசி நேரத்து ஆறுதல் மருந்து இல்லை. 1961-இலேயே கெல்லி, பேக்கர் என்ற இரு மருத்துவர்கள் முற்றிய எண்டோமெட்ரியப் புற்றுநோய் உள்ள 21 பேருக்குப் புரோஜெஸ்டின் கொடுத்து, 6 பேருக்குக் கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார்கள். ஏற்பியைச் சோதித்துப் பார்க்கும் முறை மருத்துவமனைகளுக்கு வருவதற்கு முன்பே இது நடந்தது. 1999-இல் வெளிவந்த ஜி.ஓ.ஜி. என்ற அமெரிக்கப் பெண்கள் புற்றுநோய் ஆய்வுக் குழுவின் ஆய்வில் மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் கொடுத்தவர்களில் பி.ஆர். பாசிட்டிவாக இருந்தோருக்கு 37% பலன், நெகட்டிவாக இருந்தோருக்கு 8% மட்டுமே. சராசரிக்குள் ஒளிந்திருக்கும் வித்தியாசம் இதுதான். கிரேடு 1-க்கும் கிரேடு 3-க்கும் இடையிலும் இதே போன்ற இடைவெளி உண்டு.

இதோடு, கட்டி சுருங்காமல் அப்படியே நின்றுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தச் சதவீதக் கணக்கில் வரமாட்டார்கள். மெதுவாக வளரும் நோய், தொந்தரவு இல்லாத நோயாளி, பல வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பிய நோய், ஏற்பிகள் நிறைய: கயலின் அம்மா விஷயத்தில் இவை நான்கும் ஒன்றாக இருக்கின்றன. நானும் மாத்திரையில்தான் ஆரம்பிப்பேன். கீமோ எங்கும் ஓடிவிடாது, தேவைப்பட்டால் அடுத்துக் கொடுக்கலாம். இதுவே கல்லீரலில் வேகமாக வளரும் கட்டி, மூச்சு வாங்குகிறது, கிரேடு 3 என்றால் நான் சுடர்மதி பக்கம்தான் நிற்பேன். அப்போது மூன்று மாதம் காத்திருக்க நேரம் கிடையாது.

சுடர்மதி எழுதியது:

37-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பி.ஆர். பாசிட்டிவாக இருந்தும் நூற்றுக்கு 63 பேருக்குச் சுருங்கவில்லையே? அப்படியானால் ஏற்பி இருக்கிறது என்பதை வைத்து எதை முடிவு செய்வது? அளவைக் கூட்டினால் பலன் கூடுமா?

அருவி எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் அளவு. அதே 1999 ஆய்வின் முக்கியக் கேள்வியே அதுதான். தினமும் 200 மி.கி. வாங்கியவர்களில் 25% பேருக்கும், 1000 மி.கி. வாங்கியவர்களில் 15% பேருக்கும் பலன் கிடைத்தது. கூட்டிக் கொடுத்ததில் எந்த லாபமும் இல்லை.

ஏன் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை என்பதற்கு முழு விடை யாரிடமும் கிடையாது. தெரிந்த காரணம் ஒன்று உண்டு. புரோஜெஸ்டின் தொடர்ந்து கொடுத்தால் செல் பி.ஆர். ஏற்பியையே குறைத்துக்கொள்கிறது. மருந்து வந்து அமர வேண்டிய இடமே குறைந்துபோகிறது. இன்னொன்று, எண்டோமெட்ரியாய்டு கட்டிகளில் பி.டி.இ.என். ஜீன் கெட்டுப்போய் வேறொரு வளர்ச்சிப் பாதை திறந்திருப்பது மிகவும் சகஜம். ஹார்மோன் கதவை மூடினாலும் செல் அந்த வழியாக வளரும். ஆகவே ஏற்பி இருப்பது ஒரு வாய்ப்பைக் காட்டுகிறது, அவ்வளவே. அதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது, அது இல்லாமலும் முடிவெடுக்கக் கூடாது.

கயலின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இது முக்கியம், ஏனென்றால் மார்பகப் புற்றுநோயில் கற்றதை அப்படியே கர்ப்பப்பைக்குத் தூக்கிவந்தால் வழி தவறும். டமாக்ஸிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. கர்ப்பப்பைச் சவ்விலோ அதுவே ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது. ஏற்பி ஒன்றுதான், ஆனால் அதோடு சேர்ந்து வேலை செய்யும் துணைப் புரதங்கள் திசுவுக்குத் திசு வேறு. 1998-இல் வெளிவந்த பெரிய மார்பகப் புற்றுத் தடுப்பு ஆய்வில், டமாக்ஸிஃபென் எடுத்தவர்களுக்கு எண்டோமெட்ரியப் புற்றுநோய் வரும் அபாயம் சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. கூடியது பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களிடம். அதனால்தான் டமாக்ஸிஃபென் எடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே சோதிக்கச் சொல்கிறோம். கயல், உங்கள் சித்திக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அப்படி இருந்தும் டமாக்ஸிஃபெனை இங்கே பயன்படுத்துகிறோம், வேறு காரணத்துக்காக. அதன் ஈஸ்ட்ரோஜன் தன்மை பி.ஆர். ஏற்பியைத் திரும்ப முளைக்க வைக்கிறது. மூன்று வாரம் மெகெஸ்ட்ரால், மூன்று வாரம் டமாக்ஸிஃபென் என்று மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வு 2004-இல் வந்தது. 27% பேருக்குப் பலன், அவர்களில் சிலருக்கு மிக நீண்ட காலம் நீடித்தது. எனக்குப் பிடித்த சிந்தனை இது. மருந்து தானே மூடிக்கொள்ளும் வழியை இன்னொரு மருந்தால் திறந்துவிடுவது.

செவ்வந்தி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கர்ப்பப்பையில்தான், ஆனால் இது வேறு நோய்: லோ கிரேடு எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா, அதாவது சவ்வின் தாங்கு திசுவில் வரும் புற்று. முதலில் சாதாரண ஃபைப்ராய்டு என்றுதான் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு வயிற்றுக்குள் திரும்பி வந்தது. இப்போது லெட்ரோசோலில் இருக்கிறேன், கட்டிகள் சுருங்கி வருடக்கணக்கில் அப்படியே நிற்கின்றன. என்னைப் போல இதே நோய் உள்ள யாராவது இந்த இழையைப் படித்துவிட்டு "டமாக்ஸிஃபென் மாற்றி மாற்றிப் போடலாமாம்" என்று போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்களுக்கு அது ஆகாது என்று எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் உடம்பு திடீர் திடீரென்று சூடேறும் தொந்தரவுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் கூடாது.

நுண்ணாடி எழுதியது:

செவ்வந்தி அக்கா சொன்னது மிகச் சரி. கர்ப்பப்பைச் சார்கோமாவை ஒரே பெயரில் சொல்லிவிடக் கூடாது. லோ கிரேடு ஸ்ட்ரோமல் சார்கோமாவில் ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பெரும்பாலும் அழுத்தமாகப் பாசிட்டிவாக இருக்கும். அதற்கு அரோமட்டேஸ் தடுப்பி (லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை) அல்லது புரோஜெஸ்டின்தான் நல்ல சிகிச்சை. ஹை கிரேடு வகையில் ஏற்பிகள் பெரும்பாலும் இருக்காது. கர்ப்பப்பைத் தசையில் வரும் லியோமயோசார்கோமா நடுவில் நிற்கிறது. கணிசமானோருக்கு ஏற்பி இருக்கும், ஆனால் அதில் ஹார்மோன் சிகிச்சை மெதுவாக வளரும், ஏற்பி நிறைந்த சிலருக்கு மட்டும் உதவுகிறது. அதேபோல சவ்வுப் புற்றிலும் சீரஸ், கிளியர் செல் வகைகளில் ஏற்பி குறைவு, அவை ஹார்மோனை நம்பி வளர்பவையும் அல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிலும் வேறு, இந்த இழையில் பேசுவது எதுவும் அதற்குப் பொருந்தாது.

இளந்தளிர் எழுதியது:

எனக்கு இன்னும் குழந்தை இல்லை. பி.சி.ஓ.எஸ். இருக்கிறது. அதிக ரத்தப்போக்குக்காகச் சுரண்டி எடுத்ததில் எண்டோமெட்ரியாய்டு கிரேடு 1 என்று வந்தது. ஒரு டாக்டர் உடனே கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சுருள் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். எனக்கும் ஏற்பி பாசிட்டிவ்தான். யாரை நம்புவது என்றே தெரியவில்லை.

அருவி எழுதியது:

இளந்தளிர், இரண்டு பேரும் தவறாகச் சொல்லவில்லை. நிலையான சிகிச்சை ஆபரேஷன்தான். ஆனால் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதைத் தள்ளிவைக்கும் வழி உண்டு, கடுமையான நிபந்தனைகளோடு. கிரேடு 1 எண்டோமெட்ரியாய்டாக இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டாவது பெத்தாலஜிஸ்ட் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எம்.ஆர்.ஐ.-யில் நோய் சவ்வைத் தாண்டித் தசைக்குள் போகவில்லை, சூலகத்திலோ வேறெங்கோ எதுவும் இல்லை என்று தெரிய வேண்டும். மெகெஸ்ட்ரால், மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் மாத்திரைகள் அல்லது லெவோனோர்ஜெஸ்ட்ரெல் 52 மி.கி. உள்ள சுருள், சில நேரம் இரண்டும் சேர்த்து. சுருள் மருந்தை நேராகச் சவ்விலேயே விடுவதால் உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் பக்க விளைவு குறைவு.

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி சவ்வை எடுத்துப் பார்க்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நான்கில் மூன்று பேருக்கு நோய் பின்வாங்கியது, ஆனால் சுமார் 40% பேருக்குத் திரும்பியும் வந்தது. அதனால் நோய் மறைந்தவுடன் கர்ப்பம் தரிக்க முயல வேண்டும், கருத்தரிப்பு மருத்துவரை ஆரம்பத்திலேயே சந்திப்பது நல்லது. குழந்தை பிறந்த பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளத்தான் பரிந்துரைப்போம். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும் இந்தச் சிகிச்சையில் ஒரு பங்குதான். கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா.

நீங்கள் கேட்க வேண்டியது "யாரை நம்புவது" என்பதை விட, "எம்.ஆர்.ஐ. பார்த்தாயிற்றா, ஆறு மாதத்தில் மறையாவிட்டால் என்ன செய்வோம்" என்பதைத்தான். சுருள் வைக்கச் சொன்ன டாக்டரிடம் இதற்குத் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

வெண்புறா எழுதியது:

மாத்திரைக்குப் பக்க விளைவு அதிகம் என்கிறார்களே. இயற்கைப் புரோஜெஸ்டிரோன் கிரீம் என்று விற்கிறார்கள், தோலில் தடவினால் போதுமாம். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

அருவி எழுதியது:

வேண்டாம். தோல் வழியாகப் போகும் அளவு சவ்வை அடக்கப் போதுமானது என்று நிரூபணம் இல்லை. புற்றுநோய்க்கு அதை நம்பி ஒரு மாதம் இழப்பதும் ஆபத்து.

பக்க விளைவு என்பது உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. மெகெஸ்ட்ரால் பசியைக் கூட்டும், எடை ஏறும், கை கால் வீங்கலாம், சர்க்கரை ஏறலாம். நீண்ட நாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி தடுமாறலாம், அதனால் தானாக நிறுத்தக் கூடாது. எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது ரத்தக் கட்டுக்குத்தான், அதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் குழாய்க்குள் உறைந்து அடைப்பது.

கயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நுண்ணாடி கேட்டதற்கு: எண்கள் நுரையீரல் துணுக்கிலிருந்து வந்தவைதான். மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்கள் நான்கும் இருக்கின்றன, பி53 இயல்பு என்று போட்டிருக்கிறது.

அருவி, ரத்தக் கட்டு என்றதும் கேட்கிறேன். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் அம்மாவுக்கு இடது காலில் கட்டு வந்து, ஊசி போட்டு, பிறகு ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போதைய டாக்டர் புதியவர், பழைய ஃபைல் இன்னும் அவரிடம் போகவில்லை. இது முக்கியமா?

அருவி எழுதியது:

மிகவும் முக்கியம். முதல் மாத்திரை போடுவதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும். நாளைக்கே சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டு வந்தவருக்கு மெகெஸ்ட்ராலும் டமாக்ஸிஃபெனும் அபாயத்தை மேலும் கூட்டும். மாதவிடாய் நின்றவருக்கு அரோமட்டேஸ் தடுப்பி ஒரு மாற்று. அது ரத்தக் கட்டு விஷயத்தில் பாதுகாப்பானது, ஆனால் தனியாகக் கொடுத்தால் கட்டியைச் சுருக்கும் சக்தி குறைவு. அனஸ்ட்ரோசோலை வைத்துச் செய்த ஆய்வொன்றில் சுருங்கியது 7% பேருக்குத்தான், ஆனால் மூன்று மாத முடிவில் நோய் சுருங்கியோ நின்றோ இருந்தவர்கள் 44%.

லெட்ரோசோலோடு பால்போசிக்லிப் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், நோய் வளராமல் இருந்த இடைக்காலம் 3 மாதத்திலிருந்து 8.3 மாதமாகக் கூடியது. அபெமாசிக்லிப் சேர்த்த ஒரு சிறிய ஆய்வில் 30% பேருக்குச் சுருங்கியது. இவை செல் பிரிவதைத் தடுக்கும் மருந்துகள், மார்பகப் புற்றில் ஏற்கெனவே பழகியவை. உங்கள் இடத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். மிஸ்மேட்ச் ரிப்பேர் கெட்டிருந்தால் இம்யூனோதெரபியை (உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) முதலிலேயே பேசியிருப்போம். அம்மாவுக்கு அது கெடவில்லை.

நுண்ணாடி எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. ரிப்பேர் புரதங்கள் சரி, பி53 இயல்பு, POLE என்ற ஜீனில் மாற்றமும் இல்லையென்றால், அந்தக் கட்டியைத் தனிப்பட்ட மூலக்கூறு அடையாளம் இல்லாத குழுவில் சேர்க்கிறோம். அந்தக் குழுவுக்குள் யாருக்கு நோய் சாதுவாக நடக்கும் என்று பிரித்துச் சொல்வதில் ஈ.ஆர். பெரிய பங்கு வகிக்கிறது. ஈ.ஆர். நெகட்டிவாக இருப்பவர்களின் நிலை தெளிவாக மோசம். ஆபரேஷன் முடிந்து அபாயம் அதிகமுள்ள ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளிகளுக்கு, கதிர்வீச்சோடு கீமோவுக்குப் பதில் புரோஜெஸ்டின் கொடுத்தால் போதுமா என்று ஐரோப்பாவில் ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறார்கள். முன்பு எல்லோருக்கும் பொதுவாகப் புரோஜெஸ்டின் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் விடை மாறுமா என்பது எனக்கு ஆவலான கேள்வி.

கயல் எழுதியது:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். காலில் கட்டு வந்த விவரத்தைக் கேட்டதும் மெகெஸ்ட்ராலை எழுதாமல் லெட்ரோசோல் 2.5 மி.கி. எழுதியிருக்கிறார். பால்போசிக்லிப் பற்றிக் கேட்டேன். முதல் ஸ்கேனைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், நடுவில் மூச்சு வாங்கினாலோ இருமல் வந்தாலோ காத்திருக்காமல் வரச் சொன்னார். நோய் வளர்ந்தால் அடுத்தது கீமோ என்றும் தெளிவாகச் சொன்னார். கைவிடுகிறார்களோ என்ற பயம் எனக்குப் போய்விட்டது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்றும் எழுதியிருக்கிறார். அது ஏன்?

செவ்வந்தி எழுதியது:

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு மெலியும், அதனால்தான். எனக்கும் ஆரம்பத்திலேயே எடுத்தார்கள், கால்சியமும் வைட்டமின் டி-யும் தொடர்கிறது. முதல் சில மாதங்கள் காலையில் எழும்போது விரல், முட்டி எல்லாம் பிடித்துக்கொள்ளும். அம்மா பயந்துவிட வேண்டாம், பலருக்கு நடக்க நடக்க இளகிவிடும். வலி தாங்க முடியாவிட்டால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். எனக்கு அப்படித்தான் அனஸ்ட்ரோசோலிலிருந்து லெட்ரோசோலுக்கு மாற்றினார்கள்.